பர்தாவைவிட முதலில் மசாலா டப்பாவைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் ரியாத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். டிசம்பர் விடுமுறைக்கு இரண்டு பிள்ளைகளோடு முதல்முறையாக அங்கே போகிறேன், விசிட் விசா வந்துவிட்டது. ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். பர்தா போட்டே ஆக வேண்டுமா? பொட்டு வைக்கலாமா, சாமி படம் எடுத்துப் போகலாமா? – ஒரு வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: சகோதரி, பொட்டும் பர்தாவும் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நான் முதலில் கேட்க நினைப்பது உங்கள் மசாலா டப்பாவில் கசகசா இருக்கிறதா என்பதைத்தான். நான் முதல் தடவை கிளம்பியபோது மாமியார் ஆசையாகக் குருமாவுக்கென்று கால் கிலோ கசகசா பொட்டலம் கட்டி வைத்திருந்தார், சவுதியில் தமாம் நகரத்தில் பல வருடம் இருந்துவிட்டு வந்த எதிர்வீட்டு பாய் தற்செயலாக அதைப் பார்த்துப் பதறிப்போய் எடுத்து வெளியே வைத்தார். நமக்கு அது பாயசத்தில் போடுகிற சாமான், அங்கே ஓப்பியம், அதாவது அபின், செடியின் விதை, தடை செய்யப்பட்ட பொருள். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

அடுத்தது மருந்து. இதில்தான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டிரமடால் வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் டானிக், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தருகிற அல்பிரசோலம், நரம்பு வலிக்கான பிரிகாபாலின், இதெல்லாம் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். உங்களுக்கு அவசியம் வேண்டும் என்றால் சவுதி உணவு மருந்து ஆணையத்தின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கி, டாக்டர் சீட்டோடு, தங்கும் நாட்களுக்கு மட்டும், அதிகபட்சம் 30 நாளுக்கு எடுத்துப் போகலாம். சாதாரண சுரம், வயிற்று மாத்திரை என்றாலும் அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், பெயர் தெரிய வேண்டும்.

அப்புறம் இன்னொன்று, இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். நீங்கள் கிளம்புவது தெரிந்ததும் தெருவில் யாராவது ஒருவர் "அண்ணனுக்கு ஊறுகாய்தான், கொடுத்துடு" என்று ஒட்டிய பார்சலோடு வருவார். உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டாத எதையும் வாங்காதீர்கள், சொந்த நாத்தனாராக இருந்தாலும் சரி. போதைப்பொருள் கடத்தலுக்கு அங்கே மரண தண்டனை உண்டு, அது ஊறுகாய் என்று நம்பித்தான் வாங்கினேன் என்பதை நீங்கள் எப்படி நிரூபிப்பீர்கள்?

சரி, உடைக்கு வருகிறேன். 2019-இல் சுற்றுலா விசா தொடங்கியபோதே வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா (உடைக்கு மேலே போடுகிற நீளமான தளர்ந்த அங்கி) கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டார்கள். தோளும் முழங்காலும் மறைகிற, உடம்பை ஒட்டாத உடை போதும். தளர்வான சுடிதாரும் துப்பட்டாவும் தாராளம். தலையை மூட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. புடவை என்றால் இடுப்பு தெரியும், அதனால் வெளியே போகும்போது மேலே ஓர் அபாயா போட்டுக்கொள்ளுங்கள். இங்கேயே வாங்கி எடையைக் கூட்ட வேண்டாம், ரியாத்தின் பத்தா மார்க்கெட்டில் விதவிதமாகக் கிடைக்கும், நம்மூர்ச் சாப்பாடும் அங்கே உண்டு. ஒன்று வாங்கி வைத்தால் நைட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு கீழே கடைக்குப் போய்வர எவ்வளவு சௌகரியம் என்று நீங்களே சொல்வீர்கள்.

பொட்டு, தாலி பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். பர்ஸில் ஒரு சின்னச் சாமி படம், வீட்டுக்குள் கும்பிட, போதும். பிற மத வழிபாடு வெளியிடத்தில் கூடாது, அதனால் பெரிய படம், விளக்கு எல்லாம் வேண்டாம். பிள்ளைகள் கையில் போன் இருந்தால் முன்பின் தெரியாதவர்களை, முக்கியமாகப் பெண்களை, படம் எடுக்கக்கூடாது என்று சொல்லி அழைத்துப் போங்கள், அதற்கு அபராதம் உண்டு.

பாலைவனம்தானே என்று எல்லோரும் மறந்துவிடுகிற விஷயம் ஸ்வெட்டர். டிசம்பர், ஜனவரி இரவுகளில் ரியாத்தில் 10 டிகிரிக்குக் கீழே கூடப் போகும், சின்னப் பிள்ளைகளுக்குக் காதுமூடியும் வையுங்கள். பிளக் அங்கே மூன்று சதுரக் கம்பி, நம்முடையது நுழையாது, ஒரு அடாப்டர் வேண்டும்.

கேள்வி: ஜித்தாவில் மகன் வீட்டுக்கு ரம்ஜான் மாதத்தில் போகிறேன். வயது 66, இன்சுலின் போடுகிறேன். நான் இந்து. பகலில் சாப்பிட முடியாதா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: ஐயா, வீட்டுக்குள் நேரத்துக்குச் சாப்பிடுங்கள், ஒரு தடையும் இல்லை. தெருவில், பொது இடத்தில்தான் பகலில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் புகைப்பதும் கூடாது, அது எல்லா மதத்தவருக்கும் பொருந்தும். பகலில் ஓட்டல்கள் பெரும்பாலும் திறக்காது, அதனால் நீண்ட நேரம் வெளியே சுற்றும் வேலையை நோன்பு திறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், ஊரே அப்போதுதான் விழிக்கும். சர்க்கரை இறங்குவது போல் இருந்தால் தயங்காமல் ஒரு மறைவான இடத்துக்குப் போய் இனிப்பைப் போட்டுக்கொள்ளுங்கள், சட்டைப்பையில் எப்போதும் இருக்கட்டும். இன்சுலினை டாக்டர் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள், விமானத்தின் அடியில் போகிற பெட்டியில் வைத்தால் உறைந்து வீணாகலாம்.

மகன் தாயிஃபுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னால் ஒன்று நினைவூட்டுங்கள். ஜித்தாவிலிருந்து தாயிஃப் போகிற வழியில்தான் மக்கா இருக்கிறது, அதற்குள் முஸ்லிம் அல்லாதவர்கள் போக முடியாது, சாலையிலேயே பலகை இருக்கும், சுற்றிப் போகிற பைபாஸ் பாதையில்தான் நீங்கள் போக வேண்டும்.