கடலுக்கு வேளாண் மண்டலச் சட்டம் பொருந்தாது

அண்ணே, நீங்கள் தேவகோட்டையில். மைத்துனர் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையில், கோட்டைப்பட்டினத்தில் படகு வைத்திருக்கிறார். கடலில் எண்ணெய்க் கிணறு தோண்ட ஏலம் விட்டால், 2020-இல் தமிழ்நாட்டில் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தடுக்காது. அது மாநிலச் சட்டம், நிலத்துக்கு மட்டும். புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்கள் அதில் உண்டு. நம் சிவகங்கை மாவட்டம் இல்லை. உங்கள் கண்மாய்ப் பாசன வயலுக்கே அந்தக் காப்பு கிடையாது, எனக்கு இது பெரிய வருத்தம். கடலடி எண்ணெய்க்குக் குத்தகை கொடுப்பது மத்திய அரசு.

கருத்துக்கேட்புக் கூட்டம் வரும், அங்கே பேசலாம் என்று காத்திருக்க வேண்டாம். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020 ஜனவரி அறிவிக்கைப்படி, எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைக் கிணறுகள் கருத்துக்கேட்பு தேவைப்படாத பி2 பிரிவுக்குப் போய்விட்டன. கூட்டமே நடத்தாமல் அனுமதி தரலாம். உற்பத்திக் கட்டத்தில்தான் மக்களைக் கேட்பார்கள், அதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

அதனால் இப்போதே தகவல் உரிமைச் சட்டத்தில் மத்திய அரசில் எண்ணெய், எரிவாயு தேடலைக் கவனிக்கும் ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்திடம், ஏலம் விடும் கடல் தொகுதியின் எல்லைப் புள்ளிகளைக் கேளுங்கள். மைத்துனரின் ஜிபிஎஸ் கருவியில் நண்டுவலை விடும் இடங்கள் பதிவாகியிருக்குமே, இரண்டையும் ஒரே வரைபடத்தில் குறியுங்கள். கடலில் எண்ணெய்க் கிணற்றுக்கு மேடை அமைத்தால் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் போடலாம், அங்கே வலை வீச முடியாது. அப்புறம் அந்த வரைபடத்தோடு மீனவர் சங்கம் வழியாக மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு மனு கொடுங்கள்.