புது ஆளுக்கு வழிகாட்டி எதற்கு? வேலையிடத்துக் கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து டீமேக்கராக (தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவராக) ஓய்வு பெற்றவன் நான். கடைசி வருடங்களில் புதிதாகச் சேரும் உத்தியோகத்தர்களைப் பழக்குவதும் என் பொறுப்பாக இருந்தது. வேலையிடத்தில் புது ஆளுக்கு ஒரு வழிகாட்டியை ஒதுக்குவது பற்றி யாருக்கு என்ன கேள்வி இருந்தாலும் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு என் பதில்கள் இவை.

ஐயா, புது ஆளுக்குத்தான் மேலதிகாரி இருக்கிறாரே. வழிகாட்டி என்று தனியாக ஒருவர் எதற்கு? (ஹட்டன்)

மேலதிகாரியிடம் கேட்க முடியாத கேள்விகள் எல்லாப் புது ஆளிடமும் இருக்கும் தம்பி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம். நல்ல மழைக்காலம், பகலிலும் மூட்டம். பறித்த கொழுந்தை அரைக்கும் முன் வாட வைக்க வேண்டும். அன்று அது வாடவே இல்லை. பதம் பார்க்க ஒரு வழி உண்டு. வாடிய கொழுந்தை ஒரு பிடி எடுத்து உருண்டையாக அமுக்கிவிட்டுக் கையை விரித்தால், அது பட்டென்று பிரியாமல் மெதுவாகத் தளர வேண்டும். இதை எனக்கு ஒரு தடவை காட்டியிருந்தார்கள். ஆனால் ‘மெதுவாக’ என்றால் எவ்வளவு மெதுவாக என்பது என் கைக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டால் “நேற்றுத்தானே காட்டினேன்” என்று அதிகாரி எரிந்து விழுவார். அதனால் “சரியாக இருக்கிறது” என்று சொல்லி ரோலருக்கு (அரைக்கும் இயந்திரத்துக்கு) அனுப்பிவிட்டேன். அரைக்க ஆரம்பித்ததும் சாறு தண்ணீராக வழிந்தது. அந்த நாள் தூள் நல்ல விலைக்குப் போகவில்லை.

மறுநாள் அரைக்கும் பகுதியில் இருந்த ஒரு வயதான தொழிலாளி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “தம்பி, தெரியலைன்னா என்கிட்ட வாங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். அதற்குப் பிறகு இரண்டு வாரம், ஒவ்வொரு தடவையும் கொழுந்தை முதலில் என் கையில் கொடுத்து என்னைச் சொல்லச் சொல்வார். நான் சொன்ன பிறகுதான் அவர் சொல்வார். அவரை யாரும் வழிகாட்டியாக நியமிக்கவில்லை. ஆனால் எனக்கு வேலை தெரிந்தது அவரால்தான்.

வங்கியில் பயிலுநராகச் சேர்ந்திருக்கிறேன். இதனால் எனக்கு என்ன கிடைக்கும்? (பண்டாரவளை)

1980களில் கேத்தி கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்த உறவை ஆராய்ந்து, உதவிகளை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று தொழிலில் மேலே வர உதவுவது: வேலை நுணுக்கம் சொல்லித் தருவது, பெரியவர்கள் கண்ணில் படும் வேலையை வாங்கித் தருவது, அடி விழும்போது முன்னால் நிற்பது. இன்னொன்று மனதுக்குத் தைரியம் தருவது. பேச ஆள் இருப்பது, ‘நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லிக் கேட்பது எல்லாம் இந்த இரண்டாவதில் அடங்கும். முதல் ஆறு மாதம் இந்த இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படும் என்பது என் அனுபவம். வேலை தெரியாமல் விட்டுப் போனவர்களை விட, தனியாகிவிட்டோம் என்று விட்டுப் போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஹோட்டல் ஒன்றில் முகாமையாளராக இருக்கிறேன். ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை. அனுபவசாலியின் நேரத்தை இதில் ஏன் செலவழிக்க வேண்டும்? (நுவரெலியா)

முதல் இரண்டு மாதம் உங்களுக்குச் செலவுதான், அதை மறைக்கவில்லை. வாரத்தில் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச ஒதுக்க வேண்டும். சீசன் நேரத்தில் அதுவும் பாரம்தான்.

ஆனால் அந்த அரை மணியில் உங்களுக்கு வேறு எந்த வழியிலும் வராத செய்தி வந்து சேரும். ஒரு தோட்டத்தில், பறித்த கொழுந்தை மடுவத்தில் (நிறுக்கும் கொட்டகையில்) நிறுக்கும்போது, சாக்குக்கும் மழைத் தண்ணீருக்கும் என்று கிலோ கழிப்பார்கள். அது கூடிக்கொண்டே போனது. பெண்கள் முணுமுணுத்ததைப் புதிதாக வந்த வெளிக்கள உத்தியோகத்தர் கேட்டிருக்கிறார். பெரியதுரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) போய்ச் சொல்ல அவருக்குப் பயம். தன் வழிகாட்டியிடம் சொன்னார். அந்த மூத்தவர் துரையை ஒரு நாள் காலையில் மடுவத்துக்கே கூட்டிக்கொண்டு போய், வெறும் சாக்கைத் தராசில் வைத்துக் காட்டினார். கழிவு அன்றே குறைந்தது. ஒரு வாரம் போயிருந்தால் வேலைநிறுத்தமாகியிருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்புறம், வழிகாட்டுகிறவரும் மாறுவார். “இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?” என்று புது ஆள் கேட்கும்போது, இருபது வருடப் பழக்கத்துக்குக் காரணம் தேட வேண்டி வரும். பல நேரம் காரணமே இருக்காது. நாளைக்கு யாரை மேற்பார்வைக்கு உயர்த்தலாம் என்பதும் உங்களுக்கு இதில் தெரிந்துவிடும்: பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கிறவரா, தன் பெருமை பேசுகிறவரா என்று.

சின்னவர் பெரியவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் உண்டா? (பதுளை)

உண்டு. 1990களின் கடைசியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ஜாக் வெல்ச், தன் மூத்த அதிகாரிகளை இணையம் பழக இளம் ஊழியர்களிடம் அனுப்பினார். கம்ப்யூட்டரில் கணக்கு வைக்க எனக்குச் சொல்லித் தந்ததும் 22 வயதுப் பையன்தான்.

நான் சொன்னதையெல்லாம் என் வழிகாட்டி மேலே சொல்லிவிட்டார். என்ன செய்வது அண்ணா? (கொட்டகலை)

வேறு ஆளைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். தகுதிகாண் காலத்து அறிக்கையை எழுதுகிறவரே வழிகாட்டியாக இருக்கக் கூடாது. இரண்டையும் ஒருவரிடம் கொடுத்தது நிர்வாகத்தின் தவறு. உங்கள் தவறு இல்லை.

ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறேன். வழிகாட்டி ஆண். அவரோடு பேசினாலே கதை கட்டுகிறார்கள். (நானுஓயா)

தங்கச்சி, பெண் வழிகாட்டி வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. உங்கள் பிரிவில் பெண் இல்லையென்றால் வேறு பிரிவில் ஒரு அக்காவைக் கேளுங்கள். தொழில் நுணுக்கத்துக்கு மட்டும் இவரை வைத்துக்கொள்ளலாம். சந்திப்பு வேலை நேரத்தில், நாலு பேர் பார்க்கும் இடத்தில் இருக்கட்டும். மலையில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். ஆனாலும் மேற்பார்வைக்கு வந்தவர்கள் குறைவு. அதனால் இந்தச் சிரமம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும். நீங்கள் நிலைத்து நின்றால் அடுத்த தங்கச்சிக்கு நீங்கள் இருப்பீர்கள்.

இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம்தானே? (மஸ்கெலியா)

இல்லை, நம் மலைகளிலேயே பழைய பழக்கம். ‘கிரீப்பர்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே, துரையாக வர விரும்பும் இளைஞன் பெரியதுரையின் கீழ் மாதக் கணக்கில் இருந்து பழகுவான். காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் பக்கத்தில் நிற்பான், கவ்வாத்து (செடி வெட்டும்) மலைக்கு கூடவே போவான், சாயங்காலம் கணக்குப் பார்ப்பான். தப்புச் செய்து பழக அவனுக்கு அவகாசம் இருந்தது.

அந்த அவகாசம் துரைமாருக்கு மட்டும்தான் கிடைத்தது என்பதுதான் என் மனதை உறுத்துகிறது. 1992இல் அரசு தோட்டங்களின் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. அதற்குப் பிறகும் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து) படித்து வந்த பிள்ளைக்கு அப்படி ஒருவரை ஒதுக்கிக் கொடுத்ததை நான் அதிகம் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைதான் குடும்பத்திலேயே முதன்முதலாக அலுவலக நாற்காலியில் உட்காருவது. மெமோவுக்கு எப்படிப் பதில் எழுதுவது, கூட்டத்தில் எப்போது பேசுவது, லீவு எப்படிக் கேட்பது என்றெல்லாம் வீட்டில் சொல்லித் தர யாரும் இல்லை. வேறு யாருக்கு முன்னாலும் அந்தப் பிள்ளைக்குத்தான் வழிகாட்டி வேண்டும்.

எப்போது நிறுத்துவது? (லிந்துல)

ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் என்று ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் சரியான நாள் தானாகத் தெரியும். நான் கடைசியாகப் பழக்கிய பையன் ஒவ்வொரு தடவையும் கொழுந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். எட்டாவது மாதம் ஒரு இரவு, கையை விரித்தான், கொழுந்து தளர்வதைப் பார்த்தான், என் பக்கம் திரும்பாமலேயே “இன்னும் ஒரு மணி நேரம் இருக்கட்டும்” என்று ஆட்களிடம் சொன்னான். நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.