சுண்டுவிரல் மடங்காவிட்டால் எஃப் கார்டு இல்லையா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 26. மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் ஒரு கிராமம். பள்ளியில் படித்தபோது சம்பா அறுப்பில் கருக்கரிவாள் பட்டு, இடது கைச் சுண்டுவிரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை. ஞாயிறு ஆராதனையில் கிட்டார் வாசிக்கிறேன். சி, ஜி, ஏ மைனர் எல்லாம் நன்றாக வருகின்றன. எஃப், பி மைனர் வந்துவிட்டால் தந்திகள் டொக் டொக்கென்று செத்துப்போகின்றன. "பார் கார்டு வராதவன் கிட்டாரிஸ்ட் ஆக முடியாது, கீபோர்டுக்குப் போய்விடு" என்கிறார் மாஸ்டர். கட்டைவிரலால் பிடிப்பதும் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) போடுவதும் ஏமாற்று வேலை என்பது அவர் கருத்து. நான் கிட்டாரை விட்டுவிட வேண்டுமா? நல்ல கம்பெனி கிட்டார் ஒன்று வாங்கினால் சரியாகுமா?

பதில்: தம்பி, விட வேண்டாம். கீபோர்டு நல்ல வாத்தியம்தான். ஆனால் ஒரு விரலுக்காக வாத்தியத்தை மாற்றச் சொல்வது அதிகப்படி.

முதலில் அந்த எஃப் கார்டைப் பிரித்துப் பார்ப்போம். ஆள்காட்டி விரலைத் தந்திகளின் குறுக்கே படுக்க வைத்துப் பிடிப்பதால் அது பார் கார்டு. தடித்த ஆறாவது தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை அதில் ஒலிப்பவை எஃப், சி, எஃப், ஏ, சி, எஃப். தந்தி ஆறு, ஸ்வரம் மூன்றுதான். எஃப் மூன்று இடத்தில், சி இரண்டு இடத்தில், ஏ ஒரே ஓர் இடத்தில். உங்கள் சுண்டுவிரலுக்கு ஒதுக்கப்பட்ட இடம் நான்காவது தந்தியின் மூன்றாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளால் பிரியும் கட்டம்). அங்கே இருப்பதும் எஃப்தான். அதற்குக் கீழே ஓர் எஃப், மேலே ஓர் எஃப் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் உள்ள அந்த நகல் இல்லாவிட்டாலும் எஃப் மேஜர் எஃப் மேஜராகவே இருக்கும். ஏ போனால்தான் மோசம். மேஜரா மைனரா என்று சொல்கிற ஸ்வரம் அதுவே. அது உங்கள் நடுவிரலில் பத்திரமாக இருக்கிறது.

ஆனால் சுண்டுவிரலை வெறுமனே தூக்கிவிட்டால் ஒரு சிக்கல் உண்டு. நான்காவது தந்தி ஆள்காட்டி விரலுக்கு அடியில் முதல் ஃப்ரெட்டில் சிக்கி ஈ ஃபிளாட் ஒலிக்கும். கார்டு எஃப் செவன் ஆகிவிடும். பி ஃபிளாட்டில் பாடும் பாட்டுக்கு அது அருமையாகப் பொருந்தும். சி மேஜரில் சாந்தமாகப் போகிற பாட்டுக்கு நடுவே வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே விரலைத் தூக்குவதோடு வேலை முடியாது, பிடியையே மாற்ற வேண்டும்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கட்டைவிரல் பிடி. கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் இருந்து கட்டைவிரலை மேலே கொண்டுவந்து ஆறாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டை அழுத்துங்கள். ஐந்தாவது தந்தியை அதே கட்டைவிரலின் நுனி லேசாகத் தொட்டு ஊமையாக்கட்டும். மோதிரவிரல் நான்காவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட், நடுவிரல் மூன்றாவது தந்தியில் இரண்டாவது ஃப்ரெட், ஆள்காட்டி விரல் இரண்டாவது, முதல் தந்திகளை மட்டும் முதல் ஃப்ரெட்டில் படுத்து அழுத்தும். சுண்டுவிரலுக்கு வேலையே இல்லை. ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் பிடித்தார். அவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை. ஒரு நிபந்தனை: கழுத்து ஒல்லியாக இருக்க வேண்டும். கம்பித் தந்தி போட்ட கிட்டாரில் நட் பகுதியின் (கழுத்தின் முனையில் தந்திகள் பதியும் பள்ளங்கள் உள்ள துண்டு) அகலம் பெரும்பாலும் 43 மி.மீ. அளவில் இருக்கும். நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் அது 52 மி.மீ. அந்தக் கழுத்தில் இந்த வேலையைச் செய்தால் மணிக்கட்டுக்குத்தான் கேடு.

பேஸ் கிட்டாரோ கீபோர்டின் இடது கையோ உங்கள் குழுவில் இருந்தால் கட்டைவிரலைக்கூட விட்டுவிடலாம். கீழ் எஃப்பை அதை வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் நான்காவது முதல் முதலாவது வரை உள்ள நான்கு தந்திகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் அதுதான் நல்ல கூட்டு வாசிப்பு. அமெரிக்காவின் கவுன்ட் பேஸி ஜாஸ் இசைக்குழுவில் 1937 முதல் ஐம்பது ஆண்டுகள் கிட்டார் வாசித்த ஃப்ரெடி கிரீன் பல நேரம் ஒரு கார்டுக்கு இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு மேல் ஒலிக்க விட்டதில்லை. அத்தனை பேர் சேர்ந்து ஊதுகிற இடத்தில் ஆறு தந்தியையும் உரசுவதால் யாருக்கு லாபம்?

பி மைனருக்கு வருவோம். இதற்கு எளிய வழி, பி மைனர் செவன் பிடிப்பது. ஆறாவது தந்தியைத் தொடாதீர்கள். ஐந்தாவது, மூன்றாவது, முதலாவது தந்திகளில் இரண்டாவது ஃப்ரெட். நான்காவதும் இரண்டாவதும் அழுத்தாமல் திறந்தபடி. மூன்று விரல், பார் கிடையாது. கூடுதலாக ஒலிக்கும் ஏ ஸ்வரம் கார்டைச் சற்று மென்மையாக்கும், அவ்வளவுதான். சுத்தமான பி மைனர்தான் வேண்டுமென்றால் மோதிரவிரலின் நுனி மூட்டைத் தட்டையாகச் சாய்த்து நான்காவது, மூன்றாவது தந்திகள் இரண்டையும் நான்காவது ஃப்ரெட்டில் சேர்த்து அழுத்துங்கள். நடுவிரல் இரண்டாவது தந்தியில் மூன்றாவது ஃப்ரெட், ஆள்காட்டி முதல் தந்தியில் இரண்டாவது ஃப்ரெட். மோதிரவிரல் சாய்வதற்கு ஒரு மாதமாவது எடுக்கும். பழகிவிட்டால் பி ஃபிளாட்டும் அதே விரலில் வந்துவிடும்: ஆள்காட்டி ஐந்தாவது தந்தியில் முதல் ஃப்ரெட், மோதிரவிரல் அடுத்த மூன்று தந்திகளை மூன்றாவது ஃப்ரெட்டில் படுத்து அழுத்தும்.

கேப்போ ஏமாற்று வேலை என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். டி மேஜர் பாட்டில் பி மைனர் தொல்லை கொடுக்கிறதா? இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு சி மேஜர் போல வாசியுங்கள். பி மைனர் ஏ மைனர் ஆகிவிடும். ஆனால் அதே பாட்டில் ஜி வந்தால் அது எஃப் வடிவமாகத் திரும்பி வரும், கவனம். எஃப் மேஜரில் பாடுகிறார்கள் என்றால் மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ, டி மேஜர் வடிவங்கள். கேப்போவுக்கு இன்னொரு பலனும் உண்டு. சாதாரண கிட்டாரில் முதல் நான்கு ஃப்ரெட்டுகளின் மொத்த நீளம் சுமார் 134 மி.மீ. ஐந்தாவதில் கேப்போ போட்டால் அடுத்த நான்கு ஃப்ரெட்டுகள் சுமார் 100 மி.மீ.தான். மூன்றே விரலால் எட்டிப் பிடிக்க வேண்டிய உங்களுக்கு இந்த 34 மி.மீ. பெரிய சலுகை.

விரல் போனவர்கள் கிட்டார் வாசித்த கதையை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜாங்கோ ரைன்ஹார்ட் 1928-இல் தன் வண்டி வீட்டில் பிடித்த தீயில் இடது கையின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் முடங்கிப்போனவர். அதன் பின் தனி வாசிப்பை இரண்டே விரலில் வாசித்தார். அதைவிட முக்கியம், முடங்கிய அந்த இரண்டு விரல்களையும் அவர் சும்மா விடவில்லை. கார்டு பிடிக்கும்போது மெல்லிய தந்திகளில் அவற்றைப் படிய வைத்துக்கொண்டார். உங்கள் சுண்டுவிரல் எந்த நிலையில் விறைத்திருக்கிறது என்று எழுதவில்லை. தந்திகளைத் தொடும்படி இருந்தால், வேண்டாத தந்தியை ஊமையாக்க அது பயன்படும். மடங்காத விரலை மடக்க வைக்கிறேன் என்று மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள்.

பிளாக் சபாத் என்ற ராக் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி அயோமி இடது கைப் பழக்கக்காரர். 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவருக்குத் தந்தி அழுத்தும் கை அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் உறை செய்துகொண்டார், மெல்லிய தந்திகளுக்கு மாறினார், பின்னாளில் சுருதியையும் இறக்கினார். இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசி இரண்டும். சுருதியை அரை ஸ்வரம் இறக்கினால் தந்தியின் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறைகிறது. இறக்கிவிட்டு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டால் பாட்டின் சுருதி மாறாது, விரலுக்கு மட்டும் சுமை குறையும்.

நம் பக்கத்துக்கே வாருங்கள். பலா மரத்தில் செய்த தஞ்சாவூர் வீணையை வாசிப்பவரின் இடது கையை என்றாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மெட்டுகளின் (வீணையின் ஃப்ரெட்டுகள்) மேல் நடமாடுவது பெரும்பாலும் ஆள்காட்டியும் நடுவிரலும்தான். தோடியும் பைரவியும் அந்த இரண்டு விரல்களில் வந்துவிடுகின்றன. கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது. கையில் ஒரு கட்டையைப் பிடித்துத் தந்தி மேல் நகர்த்துவார்கள். அந்த வாத்தியத்துக்குப் பெயர் வாங்கித் தந்த திருவிடைமருதூர் சகாராம ராவும் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்காரர்கள். விரல் குறைவாக இருந்தால் கிட்டாரையும் மடியில் படுக்க வைத்துக் கட்டையால் வாசிக்கலாம். அது தனிப் படிப்பு, இப்போது அவசரமில்லை.

அதற்குப் பக்கத்தில் வரும் எளிய வழி ஒன்று உண்டு: திறந்த சுருதி. ஆறாவது, ஐந்தாவது, முதலாவது தந்திகளை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்குங்கள். டி, ஜி, டி, ஜி, பி, டி என்று நின்றுவிடும். எதையும் அழுத்தாமல் மீட்டினால் ஜி மேஜர். ஒரே விரலை ஐந்தாவது ஃப்ரெட்டில் குறுக்கே படுக்க வைத்தால் சி, ஏழில் டி. கனடாப் பாடகி ஜோனி மிட்செல் ஒன்பது வயதில் போலியோவால் இடது கை வலுவிழந்தவர். இப்படிப்பட்ட சுருதிகளைத் தேடித் தேடிப் போனார். மைனர் கார்டுகள் இதில் சற்றுப் படுத்தும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆராதனை என்று எழுதியதால் இன்னொரு விஷயம். பொதுவாக யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. நீங்கள் வாசிப்பதில் பாதி மேல்நாட்டு மெட்டில் வரும் பாமாலை, பாதி கீர்த்தனை என்று எடுத்துக்கொள்கிறேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் வளர்த்த மரபில் வரும் கீர்த்தனைகள் ராகத்தில் நிற்பவை. ராகத்தில் இல்லாத ஸ்வரத்தைக் கிட்டார் போட்டு உரசினால் பாட்டு நழுவுகிறது. மோகன ராகத்தை சி சுருதியில் பாடினால் அதில் வரும் ஸ்வரங்கள் சி, டி, ஈ, ஜி, ஏ. மத்யமமாகிய எஃப் அங்கே கிடையவே கிடையாது. கார்டு புத்தகத்தைப் பார்த்து நாம் எஃப் போடுகிற பல இடங்களில் ஏ மைனர் போட்டால் போதும். என் காதுக்கு அதுவே அழகு. வேறு ராகங்களில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் தம்பூரா போல ஒலிக்க விட்டுப் பாருங்கள். அதற்கு இரண்டு விரல் தாராளம். நீங்கள் பயப்படும் எஃப்களில் எத்தனை உண்மையிலேயே வேண்டியவை என்று ஒருமுறை பாட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து பென்சிலால் அடித்துப் பாருங்கள்.

பார் கார்டையே கைவிட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. ஒரே வடிவத்தைக் கழுத்து முழுவதும் நகர்த்தலாம் என்பதால் மாஸ்டர் அதை வலியுறுத்துகிறார். அதில் நியாயம் இருக்கிறது. எஃப் வடிவத்தில் ஆள்காட்டி விரல் உண்மையில் அழுத்த வேண்டியது ஆறாவது, இரண்டாவது, முதலாவது தந்திகளை மட்டும். நடுவில் உள்ளவற்றை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்கின்றன. எனவே விரலை விறைப்பாக வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே உருட்டி, எலும்புள்ள ஓரத்தால் அழுத்துங்கள். சுண்டுவிரல் செய்ய வேண்டியதை மோதிரவிரல் ஐந்தாவது, நான்காவது தந்திகளில் சேர்ந்து படுத்துச் செய்யட்டும். முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள். ஐந்தாவதில் பழகிவிட்டு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி வாருங்கள்.

அந்தப் பயிற்சியே புதிய கிட்டார் கேள்விக்கும் பதில் சொல்லிவிடும். ஐந்தாவது ஃப்ரெட்டில் பார் சுத்தமாக ஒலித்து, முதல் ஃப்ரெட்டில் மட்டும் செத்துப்போகிறது என்றால் குற்றம் பெரும்பாலும் விரலில் இல்லை. நட் பள்ளங்கள் ஆழம் போதாமல் தந்தி உயரமாக நிற்கிறது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அரம் போட்டு இறக்கச் சொல்லுங்கள். நீங்களே அராவ வேண்டாம், பள்ளம் ஆழமாகிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் பட்டு இரையும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊறிப் பலகை உப்பினாலும் தந்தி உயர்ந்துவிடும். ஆகவே மழைக்காலத்தில் கிட்டாரைச் சுவரோரம் சாய்த்து வைக்காமல் பெட்டியில் வையுங்கள். கடல் காற்று படும் ஊர் என்பதால் வாசித்து முடித்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். துருப்பிடித்த தந்தி விரலைத் தின்றுவிடும்.

இப்போது போட்டிருப்பது 12-53 தந்தி (முதல், ஆறாவது தந்திகளின் தடிமன் எண்கள்) என்றால் மெல்லிய 10-47-க்கு மாறுங்கள். நட் சரிசெய்து, தந்தி மாற்றி, இரண்டு மாதம் வாசித்த பிறகும் கழுத்து தடிமனாக இருந்து கட்டைவிரல் மேலே எட்டவில்லை என்றால், அப்போது கடைக்குப் போங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து வாங்காதீர்கள். நின்றபடி அந்தக் கட்டைவிரல் எஃப்பைப் பிடித்துப் பார்த்து, வலிக்காமல் வருகிற கழுத்தை வாங்குங்கள்.