லம்பாடா யாருடைய பாட்டு? – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் பழைய லம்பாடா பாட்டைப் போட்டார்கள். நாற்பது தாண்டியவர்கள் எல்லாம் எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பக்கம் சிட்டிலிங்கியில் லம்பாடி மக்கள் இருக்கிறார்கள். இந்த ஆட்டமே அவர்களிடமிருந்து போனதுதான் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மையா?

ஒரு வாசகர், அரூர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. பெயர் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். போர்த்துகீசிய மொழியில் லம்பாடா என்றால் சாட்டையடி, ஓங்கி விழும் அடி. பிரேசிலின் வடக்கே பாரா மாநிலத்தில், கரிம்போ என்ற உள்ளூர் ஆட்டத்தோடு கரீபியன் இசை கலந்து உருவான ஜோடி ஆட்டம் அது. போர்ட்டோ செகூரோ என்ற கடற்கரை ஊரில் அதைப் பார்த்த பிரெஞ்சுத் தயாரிப்பாளர்கள், கயோமா என்ற குழுவைச் சேர்த்து 1989இல் பாட்டை வெளியிட்டார்கள். ஐரோப்பாவே ஆடியது. அப்புறம் நாமும்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டம்தான் பிரேசிலுடையது, மெட்டு பொலிவியாவுடையது. லோஸ் கார்காஸ் என்ற குழுவின் கொன்சாலோ, உலிசெஸ் ஹெர்மோசா சகோதரர்கள் எழுதி 1981இல் வெளிவந்த பாட்டு அது. தலைப்பு, ‘யொராந்தோ செ ஃபூயே’. ‘அழுதபடியே போய்விட்டாள்’ என்று வைத்துக்கொள்ளலாம். பெரு நாட்டுக் குழு ஒன்று அதற்கு அக்கார்டியனைச் சேர்த்து வேகம் கூட்டியது. 1986இல் மார்சியா ஃபெரெய்ரா போர்த்துகீசிய மொழியில் பாடினார். கயோமா எடுத்தது அந்த வடிவத்தை. இசைத்தட்டில் எழுதியவர் பெயராக அச்சானது சிக்கோ தெ ஒலிவெய்ரா. அது அந்தத் தயாரிப்பாளர்களில் ஒருவரின் புனைபெயர்! ஹெர்மோசா சகோதரர்கள் வழக்குப் போட்டுத்தான் தங்கள் பாட்டை மீட்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆறாம் வகுப்பு ஆண்டுவிழாவில் இடுப்பில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு இந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறேன். மூலத்தைக் கேட்டது இருபது வருடம் கழித்து. அதே மெட்டுதான். ஆனால் நிதானமாக, மூங்கில் குழல்களை வரிசையாகக் கட்டிய ஆண்டிஸ் மலைக் குழலில் வருகிறது. கால் ஆடவில்லை, தொண்டை அடைத்தது. நாங்கள் கைதட்டி ஆடியது ஓர் ஒப்பாரிக்கு என்று அன்றுதான் தெரிந்தது. கயோமா பாட்டின் வரிகளும் அதையேதான் சொல்கின்றன: ஒருநாள் என்னை அழவைத்தவர், அழுதபடியே போனார். மொழி புரியாததால் நமக்கு அது கொண்டாட்டமாகிவிட்டது. ஆடியதில் தப்பில்லை, அந்த மெட்டு இரண்டையும் தாங்குகிறது. மூலத்தையும் ஒருமுறை தேடிக் கேளுங்கள், தனியாக இருக்கும்போது.

2011இல் ஜெனிபர் லோபஸ் தன் பாட்டு ஒன்றில் இதே மெட்டைப் பயன்படுத்தினார். எழுதியவர்கள் பட்டியலில் இந்தமுறை கொன்சாலோ, உலிசெஸ் இருவர் பெயரும் இருந்தன. உலிசெஸ் 1992இலேயே இறந்துவிட்டார்.