ஆல்டரேஷன் ஷீட்டில் கையெழுத்துப் போட ஆளில்லை!
(கல்லூரிப் பணியிடச் சிக்கல்கள்: வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: தனியார் கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். எனக்கு வாரம் 22 ஹவர். அதே துறையில் இன்னொருவருக்கு 12தான். ஹெச்.ஓ.டி.யிடம் (துறைத் தலைவர்) கேட்டால், "அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம்" என்கிறார். இப்போது லீவு எடுக்க ஆல்டரேஷன் ஷீட்டில் (என் வகுப்பைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சக ஆசிரியர் ஒப்புக்கொள்ளும் தாள்) கையெழுத்துப் போடவும் ஆளில்லை.

பதில்: முதலில் கணக்கைச் சரிபாருங்கள். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைகள், நேரடி வகுப்புக்கு உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 என்கின்றன. உங்கள் கல்லூரியில் 'ஹவர்' என்பது 50 நிமிடப் பீரியட் என்றால் 22 ஹவர் 18 மணி 20 நிமிடம்தான். ஆறு மணி நேரம் கூடுதல் என்று எழுதிக் கொடுத்தால், மறு நிமிடமே உங்கள் கணக்கு தப்பு என்று முடித்துவிடுவார்கள். இரண்டே கால் மணிக்கு மேல் கூடுதல் என்று எழுதினால் யாராலும் மறுக்க முடியாது.

ஒரே தாளில் தியரி, லேப், மென்டர் பொறுப்பு, நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல், தேர்வுக் கண்காணிப்பு என்று உங்கள் வேலையை மட்டும் எழுதுங்கள். அந்த 12 ஹவர்காரரின் பெயர் அதில் வர வேண்டாம். அவரிடம் தேர்வுப் பிரிவோ என்.எஸ்.எஸ்.ஸோ இருக்கலாம். பெயர் வந்தால் பேச்சு வேலைப் பளுவை விட்டு ஆள் மீது போய்விடும். டைம்டேபிள் ஒட்டிய பிறகு கேட்டால் பலன் குறைவு. அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பிரிக்கும் துறைக் கூட்டத்தில் தாளைக் கொடுத்து மினிட்ஸில் (கூட்டக் குறிப்பு) ஏற்றச் சொல்லுங்கள். அங்கும் நடக்கவில்லை என்றால், அந்த மினிட்ஸ் நகலோடு பிரின்சிபாலிடம் போகலாம். வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இதை எழுதிவிடாதீர்கள்.

ஆல்டரேஷனுக்கு ஆள் கிடைக்காததற்குப் பெரும்பாலும் பகை காரணமில்லை, திருப்பிக் கொடுக்காத வகுப்புப் பாக்கிதான். யாருடைய வகுப்பை எப்போது வாங்கினீர்கள், எப்போது திருப்பினீர்கள் என்று தேதி, வகுப்பு, பீரியடோடு ஒரு சிறு நோட்டில் குறியுங்கள். வாங்கியதை அதே வாரம் திருப்பிக் கொடுத்துவிட்டால் அடுத்த முறை கையெழுத்து தானாக வரும்.

கேள்வி: நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது பெயரைச் சேர்க்கச் சொல்கிறார் என் கைடு (ஆய்வு வழிகாட்டி). இதனால் எனக்கு நஷ்டமா?

பதில்: அதே 2018 யு.ஜி.சி. விதிமுறைகள்படி, நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் பார்க்கும் ஆய்வு மதிப்பெண்ணில் அறிவியல், பொறியியல் கட்டுரைக்கு அடிப்படை மதிப்பெண் 8. இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம், அதாவது 5.6. மூன்றாவது பெயர் ஏறினால் முதன்மை ஆசிரியருக்கும் தொடர்பு ஆசிரியருக்கும் (ஜர்னலோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்) 5.6, மற்றவருக்கு 30 சதவீதமாக 2.4. நீங்கள் முதல் பெயராகவே இருந்தால் ஒன்றும் குறையாது. இரண்டாமிடத்துக்குத் தள்ளினால் பாதிக்கு மேல் போய்விடும். ஆகவே வரிசையை விட்டுக்கொடுக்காதீர்கள். மதிப்பெண் போகாவிட்டாலும் வேலை செய்யாதவர் பெயரைப் போடுவது ஆய்வு நெறிக்குப் புறம்பு. யார் என்ன செய்தார் என்று கைடுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பும் முன்பே இதைச் செய்யுங்கள். அனுப்பிய பின் பெயரை மாற்ற எல்லா ஆசிரியர்களின் சம்மதத்தையும் கேட்பார்கள். சண்டை போட்டவரிடமே கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் கல்லூரியில் இரண்டு மூத்த பேராசிரியர்கள் ஒரு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. முதல்வராக நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: அவர்களைச் சமாதானப்படுத்துவது அடுத்த வேலை. முதலில் லேப் ஸ்டாக் ரிஜிஸ்டரைப் பாருங்கள். ஒருவர் வாங்கிய கருவிக்கு மற்றவர் கையெழுத்துப் போடாமல், பில் நிலுவையில், கருவி பெட்டியிலேயே கிடக்கும். அடுத்து இன்டர்னல் மார்க்: ஒருவரின் புராஜெக்ட் மாணவர்களுக்கு மற்றவர் பாடத்தில் மட்டும் மார்க் குறைந்திருக்கிறதா? இருந்தால் விடைத்தாள்களை மூன்றாவது ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்திப் பாருங்கள். வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) ஒருவரின் மாணவர்களுக்கு மற்றவரை உள்தேர்வாளராகப் போடாதீர்கள்.