வீட்டோரத் தளம் மட்டமாக இருக்கக் கூடாது

வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமுமாக ஒரு கான்கிரீட் தளம் வேண்டும், இவ்வளவு சிறிய வேலைக்கு ஆள் வர மறுக்கிறார்கள், நாமே போட்டால் மட்டம் சரியாக வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். இங்கு குடியேறிய நான்காம் ஆண்டில், கரணை பிடித்தறியாத நானும் இதே காரணத்தால்தான் இந்த வேலையில் இறங்கினேன். என் முதல் தளம் ரசமட்டத்தின் குமிழி நடுவை விட்டு அசையாத அளவுக்கு மட்டமாக அமைந்தது. அதுவே தவறாகவும் போயிற்று. மழைநீர் போக வழியின்றிச் சுவரோரம் தேங்கி உள்சுவர் வரை ஈரம் ஏறியதால், அதை உடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் போட வேண்டியதாயிற்று.

எனவே நீங்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது வாட்டம். சுவரிலிருந்து வெளியே போகப் போக மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் இறக்கம் கொடுத்தால், உங்கள் 3 மீட்டர் அகலத்துக்கு வெளி விளிம்பு 6 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். நடப்பவர் காலுக்கு அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். செங்கல் சுவராக இருந்தால், தளத்தின் மேல்பரப்பு சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு (நிலத்து ஈரம் மேலேறாதபடி சுவரடியில் வைக்கப்படும் படலத்துக்கு) 15 சென்டிமீட்டராவது கீழே நிற்க வேண்டும். சுவரடியில் உள்ள காற்றுத் துளைகளையும் மூடிவிடக் கூடாது. சுவருக்கும் தளத்துக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் நுரைப் பட்டை வைத்துவிடுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், ஒன்று அசையும்போது மற்றது விரிசல் விடும்.

மண்ணைத் தொடுவதற்கு முன், நிலத்தடியில் போகும் எரிவாயு, மின்சார, தண்ணீர் இணைப்புகளைக் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். பல நாடுகளில் இதற்கென்றே ஒரு சேவை இருக்கிறது. அனுமதி வேண்டுமா என்பதை உள்ளூர் நிர்வாகத்திடம் விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு மேல்மண்ணை வேருடன் அகற்றி, 10 சென்டிமீட்டர் ஜல்லி பரப்பி, வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வு இயந்திரத்தால் நன்றாக இறுக்குங்கள்.

மட்டம் தீர்மானமாவது கான்கிரீட் ஊற்றும் நாளில் அல்ல, பலகை அடிக்கும் நாளில். சுற்றுப் பலகைகளின் மேல்விளிம்புதான் நாளைய தளத்தின் மேல்விளிம்பு என்பதால், நூல் கட்டி, வாட்டத்தைக் கணக்கிட்டு, முளைகளை நெருக்கமாக அடித்து நிறுத்துங்கள். உங்கள் அளவுக்கு இரண்டு மூலைவிட்டங்களும் சரியாக 5 மீட்டர் வந்தால் மூலைகள் நேராக இருக்கின்றன என்று பொருள். 4 மீட்டர் நீளத்தை ஒரே மட்டப்பலகையால் (கான்கிரீட்டை வழித்துச் சமப்படுத்தும் நேரான பலகையால்) இழுத்தால் அது நடுவில் வளைந்து குழி விழும். ஆகவே நடுவே ஒரு வழிகாட்டிக் குழாயையும் அதே வாட்டத்தில் வைத்து, இரு பாதிகளாக இழுங்கள். குழாயை எடுத்த பள்ளத்தைக் கான்கிரீட்டால் நிரப்பி, பிறகு அதே கோட்டில் 2.5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இணைப்புக் கீறல் போட்டால், எப்படியும் வரப்போகும் விரிசல் நீங்கள் சொன்ன இடத்தில் வரும்.

தடிப்பு 10 சென்டிமீட்டர் என்றால் உங்களுக்கு 1.2 கன மீட்டர் தேவை. சேதாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இது ஏறக்குறைய 3 டன் எடை. 25 கிலோ பைகளில் கலக்க முனைந்தால் நூறு பைகளுக்கு மேல் ஆகும், ஆகையால் லாரியில் வரும் ஆயத்தக் கலவையே நல்லது. பனி உறையும் இடமாக இருந்தால் காற்றுக் குமிழிகள் சேர்த்த கலவை வேண்டும் என்று சொல்லுங்கள். இழுப்பதற்கு இலகுவாக இருக்குமென்று கூடுதல் தண்ணீர் விடச் சொல்ல வேண்டாம், வலிமை போய்விடும். ஈரக் கான்கிரீட் தோலை எரிக்கும் காரம் உடையது. ரப்பர் காலணியும் கையுறையும் இல்லாமல் இறங்காதீர்கள். குறைந்தது மூன்று பேர் வேண்டும்.

மட்டப்பலகையை ரம்பம் அறுப்பதுபோல் இடவலமாக அசைத்தபடி பின்னால் இழுத்து, பள்ளம் தெரியும் இடத்தில் ஒரு கரணை கான்கிரீட் போட்டு மறுபடியும் இழுங்கள். அதன் பின் மேலே நீர் கசிந்து பளபளக்கும். அந்த நீர் மறையும் வரை கை வைக்காமல் காத்திருப்பதே இந்த வேலையில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. அவசரப்பட்டு அதைத் தேய்த்தாலோ, உலர்ந்த சிமென்ட்டைத் தூவினாலோ, மேற்பரப்பு பின்னர் செதிலாக உரியும். நீர் மறைந்ததும் மணியாசுக்கட்டையால் (கைப்பிடியுள்ள தேய்ப்புக் கட்டையால்) தேய்த்து, துடைப்பத்தால் வாட்டத்தின் திசையில் மெல்ல வரி இழுத்தால் வழுக்காது. பிறகு பிளாஸ்டிக் தாளால் மூடி ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தளம் எதற்காக என்று நீங்கள் எழுதவில்லை. நான் சொன்ன தடிப்பு நாற்காலி போடவும் சிறு கொட்டகை வைக்கவும் போதும். வண்டி நிறுத்தும் எண்ணம் இருந்தால் 15 சென்டிமீட்டராகக் கூட்டி, கம்பி வலையும் வைத்து, கன அளவை மறுபடி கணக்கிட்ட பிறகே லாரிக்குச் சொல்லுங்கள்.