மூன்று சிலிண்டர் காருக்கு நான்கு பிளக் எதற்கு?

கேள்வி: ஒரு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் வேகன்ஆர் வாங்கினேன். பெட்ரோல் வண்டி, 2019 பதிவு, ஆர்சியில் 998 சிசி என்று இருக்கிறது. 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் லேசாக உதறுகிறது. ஸ்பார்க் பிளக் செட் மாற்ற வேண்டும் என்று சொல்லி, நான்கு பிளக்குக்கு 2,400 ரூபாய் எஸ்டிமேட் எழுதித் தந்தார் மெக்கானிக். ஸ்பேர்ஸ் கடைகளில் விசாரித்தால் ஒருவர் 120 ரூபாய் பிளக்கைக் காட்டுகிறார். இன்னொருவர், "இரிடியம் போடுங்க, மைலேஜ் கூடும்" என்கிறார். என் வண்டிக்குச் சரியான பிளக் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்:

அந்த எஸ்டிமேட்டுக்குச் சரி சொல்லிவிடாதீர்கள். 998 சிசி வேகன்ஆர் எஞ்சினுக்கு மூன்று சிலிண்டர்தான். சிலிண்டருக்கு ஒரு பிளக், ஆக மூன்று பிளக். நான்காவதை மாட்ட அந்த எஞ்சினில் இடமே கிடையாது. மெக்கானிக் தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. எதுவாக இருந்தாலும் பிளக்கை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், மாட்டுகிற கூலியை மட்டும் அவரிடம் கொடுங்கள்.

கடையில் போய் "வேகன்ஆர் பிளக் கொடுங்க" என்று கேட்பதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். பெயர் ஒன்று, எஞ்சின் பல. ஆரம்பகால வேகன்ஆரில் இருந்தது 1061 சிசி, நான்கு சிலிண்டர். பிறகு 998 சிசி, மூன்று சிலிண்டர் வந்தது. 2019 ஜனவரியில் புது உருவம் வந்தபோது 998 சிசியோடு 1197 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினும் சேர்ந்துகொண்டது. 2022-ல் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுகிற பாகம்) உள்ள எஞ்சின்கள் வந்தன. இத்தனையும் கடைக்காரருக்கு "வேகன்ஆர்"தான். அவர் அடுத்ததாக "எந்த வருஷ மாடல்?" என்பார். நீங்கள் பதிவான வருடத்தைச் சொல்வீர்கள். அது தப்பு. ஆர்சியில் தயாரித்த மாதமும் வருடமும் தனியாகப் போட்டிருக்கும், அதைச் சொல்ல வேண்டும். 2019 தொடக்கத்தில் பதிவான வண்டி 2018-ல் தயாரான பழைய உருவமாகவும் இருக்கலாம்.

இந்தக் குழப்பம் எதுவும் வேண்டாம் என்றால் சேஸிஸ் நம்பர் போதும். ஆர்சியில் இருக்கும் 17 எழுத்து எண் அது. கம்பெனி ஸ்பேர்ஸ் கவுன்டரில் கொடுத்தால் கம்ப்யூட்டரில் தட்டி உங்கள் வண்டிக்கான பார்ட் நம்பரையும் விலையையும் சொல்வார்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த ஒரு நம்பருக்காக ஒருவர் அரைநாள் லீவு போட்டுக் கவுன்டரில் நிற்க வேண்டியிருப்பது எனக்கு எப்போதுமே ஆத்திரம் தருகிற விஷயம். லட்சக்கணக்கில் விலை வாங்கிக்கொண்டு கார் விற்கிற கம்பெனிகள், அடிக்கடி மாற்றுகிற பிளக், ஃபில்டர், பெல்ட்டின் பார்ட் நம்பர்களை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்து வண்டியோடு கொடுத்தால் என்ன? பாதி ஏமாற்று வேலை அன்றோடு நின்றுபோகும்.

ஒரு செலவு மிச்சம் சொல்கிறேன். கார் கம்பெனிகள் பெரும்பாலும் பிளக்கைத் தாங்களே தயாரிப்பதில்லை. என்ஜிகே, டென்சோ, பாஷ் மாதிரி நிறுவனங்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுகிறார்கள். அதே பிளக் தயாரிப்பாளரின் சொந்தப் பெட்டியில் பல சமயம் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஆனால் பிளக்கின் மேல் இருக்கும் குறியீடு எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அந்தக் குறியீட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். உதாரணத்துக்கு என்ஜிகே பிளக் ஒன்றில் பி.கே.ஆர்.6.ஈ-11 (BKR6E-11) என்று இருக்கும் (இது உங்கள் வண்டிக்கான பிளக் அல்ல). பி என்றால் மரை 14 மி.மீ. தடிமன். கே என்றால் 16 மி.மீ. ஸ்பேனர். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. 6 என்பது சூட்டைக் கடத்துகிற அளவு. ஈ என்றால் மரையின் நீளம் 19 மி.மீ. கடைசி 11 என்றால் முனையில் இடைவெளி 1.1 மி.மீ. இதில் ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு பிளக். மரை நீளம் கூடினால் முனை பிஸ்டனில் இடிக்கலாம். குறைந்தால் எஞ்சின் ஹெட்டில் (பிளக் மாட்டுகிற மேல் பாகம்) மிச்சமிருக்கும் மரையில் கரி பிடிக்கும். "மரை ஏறுது சார், அதே பிளக்தான்" என்ற வார்த்தையை நம்பவே நம்பாதீர்கள். மரை ஏறுவதற்கும் பிளக் சரியானது என்பதற்கும் சம்பந்தமில்லை.

சூட்டு எண்ணில் கடைக்காரர்களே தடுமாறுவார்கள். என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர் பிளக், அதாவது சூட்டை வேகமாகக் கடத்துவது. பாஷில் நேர் எதிர், எண் கூடினால் சூட்டு பிளக். அதனால் பிராண்ட் மாற்றினால் எண்ணை எண்ணோடு ஒப்பிடக் கூடாது. சூடு அதிகமான பிளக் பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடலாம்.

இரிடியம் (முனையில் அந்த உலோகம் வைத்த பிளக்) உழைக்கும் காலம் அதிகம், அவ்வளவுதான். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண பிளக்கை எடுத்துவிட்டு அதைப் போட்டால் மைலேஜ் ஏறிவிடாது. உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்டது சாதாரண பிளக் என்றால் அதுவே போதும். சிஎன்ஜி பொருத்திய வண்டி என்றால் அதையும் சொல்லிக் கேளுங்கள்.

சேஸிஸ் நம்பர் கைவிடுகிற சந்தர்ப்பம் ஒன்று உண்டு. உங்களுடையது செகண்ட் ஹேண்ட் என்பதால் இதை நீட்டியே சொல்கிறேன். முந்தைய ஓனர் எஞ்சினையே மாற்றியிருக்கலாம். சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் உடைத்த வண்டியின் எஞ்சின் முழுசாகக் கிடைக்கும். அப்படி மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சியில் பதிய வேண்டும். பலர் பதிவதில்லை. அப்போது சேஸிஸ் நம்பர் ஒரு பிளக்கைச் சொல்லும், உள்ளே இருக்கும் எஞ்சினுக்கு வேறு பிளக் வேண்டியிருக்கும். பானட்டைத் திறந்து, எஞ்சின் பிளாக்கில் வெட்டியிருக்கும் எண்ணை மெக்கானிக்கைக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆர்சியில் உள்ள எஞ்சின் நம்பரோடு ஒத்துப்போனால் கவலையில்லை. ஒத்துப்போகாவிட்டால் பிளக்கை விடுங்கள், ஆர்சியைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸில் சிக்கலாகிவிடும். வண்டியில் இப்போது இருக்கும் பிளக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதையும் யாராவது தப்பாகப் போட்டிருக்கலாம்.

போலிக்கு வருவோம். கடையில் "ஒரிஜினல்" என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விட்டது. பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த மாதம், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் உள்ள எழுத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், அழியக் கூடாது. மரையில் இருக்கும் வாஷர் சுற்றலாம், ஆனால் கழன்று கையில் வரக் கூடாது. ஜிஎஸ்டி பில் கேளுங்கள். கார் உதிரி பாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான் வரி. "பில் இல்லாமல் வாங்கினால் குறைச்சுத் தர்றேன்" என்பவரிடம், பொருள் போலி என்று தெரிந்த பிறகு உங்களால் எதையும் நிரூபிக்க முடியாது. மெக்கானிக் அனுப்புகிற கடைக்கு மட்டும் போகாதீர்கள். பல கடைகளில் மெக்கானிக்குக்கு ஒரு விலை, உங்களுக்கு ஒரு விலை, நடுவில் இருப்பது கமிஷன்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். புது பிளக்கை முதலில் விரலாலேயே திருகி உட்கார வைக்கச் சொல்லுங்கள், அப்புறம்தான் ஸ்பேனர். ஹெட் அலுமினியம், மரை கோணிப் போய்விட்டால் செலவு பிளக் விலையைப் போலப் பல மடங்கு. கழற்றிய பழைய மூன்றையும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். மாற்றிய பிறகும் காலை உதறல் போகவில்லை என்றால் இக்னிஷன் காயிலையும் த்ராட்டில் பாடியையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காக இன்னொரு செட் பிளக் வாங்காதீர்கள்.